நுண்துளைக் கல் பற்றிய கட்டுரைக்குப் பதிலாக

1.

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. 2012ஆம் ஆண்டு ஒரு பாடசாலை விஞ்ஞான இதழ் என்னிடம் இரண்டு பக்கக் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: ‘சியோலைற்று என்னும் நுண்துளைக் கல்லும் ஒட்சியேற்றத் தாக்கங்களும்.’ பாடநூல் மொழிபெயர்ப்பில் இருபத்தைந்து வருடம் கழித்தவன் நான். சொற்கள் எனக்குத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் உள்ள பொருள் பல சமயம் தெரியாது. ஆகவே மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கும் ஒருவரைத் தேடிப் போனேன். அவரைப் பிரஷாந்தி என்று அழைப்போம். அவருடைய உண்மையான பெயர் அதுவல்ல.

ஒரு மணி நேரத்தில் கட்டுரைக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. எழுந்து வரும்போது மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டேன்: “முதன்முதலா இத எதில வச்சுச் செஞ்சீங்க?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்கான பதில் நான்கு பின்னேரங்கள் நீண்டது. கட்டுரை எழுதப்படவில்லை.

2.

முதலாவது தொடக்கம்:

கடல் ஊருக்குள் வந்த அன்று காலை நோர்மன் தன்னுடைய பட்டறையில்

[நிறுத்தினேன். எங்கள் பகுதியில் எந்தக் கதையும் கடலில் தொடங்கினால் வாசகர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.]

இரண்டாவது தொடக்கம்:

சியோலைற்று என்பது அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒழுங்கான ஒரு சட்டகமாகப்

[இது எழுதப்படாத அந்தக் கட்டுரையின் முதல் வரி. கைப்பழக்கம்.]

மூன்றாவது தொடக்கம் ஒரு நாற்றம். அதை வைத்துக்கொண்டேன்.

3.

2003. சமாதானக் காலம். வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்தில், அழகரத்தினம் என்பவர் அரிசி ஆலை ஒன்று வைத்திருந்தார். பிரஷாந்திக்கு அவர் தாய்வழியில் மாமா முறை. நெல்லை ஊறவைத்துப் புழுக்கிய தண்ணீர் ஆலைக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் ஓடிற்று. தேயிலைச் சாயம் போன்ற நிறம். மூன்றாம் நாள் அதிலிருந்து எழும் நாற்றம் சாப்பாட்டுக் கோப்பை வரைக்கும் வரும். வாய்க்கால் போய்ச் சேருவது வாவியில்.

பிரஷாந்தி அப்போது இளம் விரிவுரையாளர். முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வுப்பொருள் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கலியாணச் சாப்பாட்டுக்காக ஆலையை ஒட்டியிருந்த மாமாவின் வீட்டுக்குப் போனவள் கையில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன புள்ள, சோறு இறங்குதில்லையா?” என்றார் அழகரத்தினம்.

“இந்தத் தண்ணிய என்ன செய்யிறீங்க மாமா?”

“அது போற வழியில போகுது. நான் என்ன செய்யிற?”

“உமிய?”

“எரிக்கிற. சாம்பல் அங்கால மலைபோலக் கிடக்கு. வேணுமெண்டா லொறியோட எடு.”

அவள் லொறியோடு எடுக்கவில்லை. இரண்டு பொலித்தீன் பையில் சாம்பலும், மூன்று சோடாப் போத்தலில் வாய்க்கால் தண்ணீரும் கொண்டுபோனாள். அந்தத் தண்ணீரில் பினோல் வகைச் சேர்வைகள் இருந்தன. நிறத்துக்கும் நாற்றத்துக்கும் அவற்றுக்கு ஒரு பங்கு உண்டு. வெள்ளையாக எரிந்த உமிச் சாம்பலோ பெரும்பாலும் சிலிக்கா. சிலிக்காவிலிருந்து சியோலைற்று செய்யலாம். சியோலைற்றுக்குள் இரும்பை வைத்தால் பினோலை ஒட்சியேற்றி அழிக்கலாம். ஓர் ஆலையின் கழிவைக் கொண்டு அதே ஆலையின் இன்னொரு கழிவைச் சுத்தமாக்குவது. அவளுடைய ஆய்வு முன்மொழிவு ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது.

4.

[இங்கே கொஞ்சம் பாடம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இதைத் தாண்டினால் ஒருவர் காத்திருக்கிறார்.]

சியோலைற்று கண்ணுக்கு வெறும் வெள்ளைப் பொடி. மாவென்று நம்பி ரொட்டி சுடப் பார்க்கலாம். ஆனால் அதன் ஒவ்வொரு துணிக்கைக்குள்ளும் கணக்கற்ற அறைகள் உண்டு. எல்லா அறைக்கும் ஒரே அளவு வாசல். வாசலுக்குள் நுழையக்கூடிய மூலக்கூறு மட்டும் உள்ளே போகும். அறைக்குள் இரும்பு இருந்தால், கூட வரும் ஐதரசன் பேரொட்சைட்டு அங்கே உடைந்து, பினோலைத் துண்டு துண்டாக ஒட்சியேற்றும்.* எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் மிஞ்சுவது காபனீரொட்சைட்டும் தண்ணீரும். கல் செலவாகாது. அடுத்த மூலக்கூறுக்கு ஆயத்தமாக இருக்கும். அதனால்தான் அதை ஊக்கி என்கிறோம்.

* ஒட்சியேற்றம் மர்மமான காரியமல்ல. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் சைக்கிள் சங்கிலி துருப்பிடிப்பதும் அதுதான்.

இந்தக் கல்லை உண்டாக்கக் கரைசலை இரண்டு மூன்று நாட்கள் நூற்றெழுபது பாகை சூட்டில், ஆவி துளியும் வெளியேறாதபடி அடைத்து வைத்திருக்க வேண்டும். அதற்குத் தடித்த உருக்கில் ஓர் உருளை வேண்டும். உள்ளே சூடு தாங்கும் ரெப்லோன் கிண்ணம், மேலே திருகி இறுக்கப் புரி வைத்த மூடி. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் ஒரு வருடம் செல்லும் என்றார்கள். அப்படித்தான் அவள் நோர்மனிடம் போனாள்.

நோர்மன் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். ஐம்பதைத் தாண்டியவர். நகரத்தில், வாவிக்கரையோரமாக அவருக்கு ஒரு கடைச்சல் பட்டறை இருந்தது. வள்ளத்து இயந்திரங்களுக்கும் நெல்லு மெசின்களுக்கும் உடைந்த பாகங்களைப் பார்த்துப் புதிதாகக் கடைந்து கொடுப்பார். வீடு முகத்துவாரத்தில், கடலுக்குக் கிட்ட. மனைவி டோறா, மகள் ஜனின்.

பிரஷாந்தி கீறிக்கொண்டு வந்த படத்தை அவர் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன மிஸ் அவிக்கப் போறீங்க?”

“கல்லு.”

“கல்லையா?”

“கல்லு அவிக்கல்ல அங்கிள். அவிச்சுக் கல்லு எடுக்கிற.”

“அப்ப சரி,” என்றார் நோர்மன். “ஆவி போகாம இரிக்கணும், அதுதானே? புரிய நான் பாத்துக்கொள்றன்.”

5.

முதல் உருளை கசிந்தது. இரண்டாவதும் கசிந்தது. இரண்டாவதை நோர்மன் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, பிழை தன்னுடையதல்ல, மூடிக்கு அடியில் வைத்த வாசர் வளையத்துடையது என்று கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவதை 2004 கார்த்திகையில் தொடங்கினார்.

மார்கழி இருபத்துநான்காம் திகதி பிரஷாந்தி அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து ஆய்வுகூடத்து அடுப்பு சும்மா கிடக்கும், மற்றவர்கள் விடுமுறையில் போகிறார்கள், அதற்கு முன்னர் தர முடியுமா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, “நத்தார் முடியட்டும் மிஸ்,” என்றார். நத்தார் சனிக்கிழமை முடிந்தது. ஞாயிறு காலையில், டோறா திட்டத் திட்ட, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி சைக்கிளில் பட்டறைக்குப் போனார். மூடியின் புரியை இழைத்துக்கொண்டிருக்கும்போது கடல் வந்தது. முகத்துவாரத்துக்கு வந்தது. பட்டறைக்கு வரவில்லை.

[இது கதைக்கு வசதியான தற்செயல். வேறொருவர் எழுதியிருந்தால் நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். “இதை விட்டிரலாமா?” என்று பிரஷாந்தியிடமே கேட்டேன். “விடுங்க,” என்றார். “ஆனா நடந்தது அதுதான்.” அதனால் விடவில்லை.]

ஜனின் அன்று தேவாலயத்தில் இருந்ததால் தப்பினாள். டோறாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

தை மாதம் முடிகிற நேரம் நோர்மன் வளாகத்துக்கு வந்தார். சைக்கிளின் பின்கரியரில் சாக்கில் சுற்றிய உருளை. மேசையில் வைத்துச் சாக்கை அவிழ்த்தார்.

“முடிஞ்சுது மிஸ்.”

பிரஷாந்தி மூடியின் புரியை விரலால் தடவினாள். ஒரு மாதமாக அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவரைக் காப்பாற்றியதா, டோறாவிடமிருந்து பிரித்ததா? இரண்டையும் செய்தது ஒரே வசனம்தான். அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “தண்ணி ஊத்திப் பாருங்க,” என்று மட்டும் சொன்னார்.

உருளை கசியவில்லை.

6.

மாசி மாதம் முதல் பொடி வந்தது. அதற்குள் இரும்பை ஏற்றி, அழகரத்தினத்தின் வாய்க்கால் தண்ணீரில் போட்டு, ஐதரசன் பேரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெல்லச் சூடாக்கினாள். தண்ணீர் முதலில் இன்னும் கறுத்தது. பிறகு வெளுக்கத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் இளநீர் நிறத்துக்கு வந்தது. அளந்து பார்த்தாள். பினோலில் நூற்றுக்குத் தொண்ணூறு போய்விட்டது.

ஒரு சிறு போத்தலில் அந்தத் தண்ணீரை அடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். நோர்மன் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“குடிக்கலாமா?”

“ஐயோ, வேணாம் அங்கிள்.”

“அப்ப என்ன மிஸ் சுத்தம்?” என்றார். டோறா போன பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அதுதான் என்று ஜனின் பின்னொரு நாள் சொன்னாள்.

அடுத்த வருடம் ஒரு சஞ்சிகையில் பிரஷாந்தியின் கட்டுரை வெளிவந்தது.

7.

அதே வருடம் யுத்தம் திரும்பி வந்தது.

சோதனைச் சாவடிகள் பழைய இடங்களில் முளைத்தன. குண்டு செய்யவும் உதவும் என்பதால், ஐதரசன் பேரொட்சைட்டு கொழும்பிலிருந்து வருவதற்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டியதாயிற்று. பிறகு அனுமதி கேட்பதே ஆபத்தான காரியமாயிற்று. பிரஷாந்தியிடம் ஒரு போத்தல் மிச்சமிருந்தது. உருளை பழுதுபார்க்கப் போகும்போதும் வரும்போதும், ‘இது வளாகத்து ஆய்வுக் கருவி’ என்று ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி நோர்மனின் கையில் கொடுப்பாள். உருண்டையான, தடித்த, மூடி முறுக்கிய உருக்குச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருக்களில் திரிய முடியாத காலம் அது.

2007 மாசி. புரி தேய்ந்து பட்டறைக்குப் போன உருளை திருத்தி முடிந்து அங்கேயே கிடந்தது. பிரஷாந்திக்கு அப்போது ஐந்து மாதம். டொக்டர் படுத்திருக்கச் சொல்லியிருந்தார். துறைத் தலைவரோ இனித் தன்னுடைய கையெழுத்து இல்லாமல் எந்தக் கடிதமும் வெளியே போகக்கூடாதென்று அறிவித்திருந்தார். அவரிடம் போய் நிற்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. நோர்மனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், நீங்களே பஸ்ஸில கொண்டுபோய் லேப்பில குடுத்திரீங்களா? நான் வர ஏலாம இரிக்கு.”

“கடிதம் மிஸ்?”

“வெறும் உருளைதானே. உங்கள அவங்களுக்குத் தெரியும்.”

“ஓம்,” என்றார் நோர்மன். “பாப்பம்.”

அன்று சாவடியில் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கவில்லை. ஆட்கள் மாறியிருந்தார்கள்.

8.

[இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதினேன். முதல் ஐந்தில் பிரஷாந்திக்குக் காரணங்கள் கொடுத்தேன். எல்லாம் நல்ல காரணங்கள். வாசித்துப் பார்த்தபோது நான் அவருடைய வழக்கறிஞராகிவிட்டது தெரிந்தது. ஆறாவதில், நடந்ததை நாள்வாரியாக மட்டும் எழுதுகிறேன்.]

முதலாம் நாள். பின்னேரம் ஜனின் ஒரு கடையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். டடியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்களாம். வளாகத்து மிஸ்ஸுடைய சாமான் என்று அவர் சொல்லியிருக்கிறாராம்.

இரண்டாம் நாள். ஜனின் நாவற்குடாவில் பிரஷாந்தியின் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உட்காரவில்லை.

“ஒரு கடிதம் போதும் மிஸ். உங்கட வேலைக்குத்தான் போனவர் எண்டு. கொண்டுவந்தா பாப்பம் எண்டு சொல்றாங்க.”

“ஓம் ஜனின். சீல் வேணும். நாளைக்குத் தாறன்.”

மூன்றாம் நாள். துறைத் தலைவர் அவள் சொன்னதை முழுதும் கேட்டார். “நீர் எழுதினா அது உம்முடைய கடிதமில்ல, வளாகத்தின்ர கடிதம். இப்ப இருக்கிற நிலைமையில...” என்றார். வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

நான்காம் நாள். கணவன் உதயரூபன், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்பவன், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினான். “கடிதத்தில உன்ர பேர் இரிக்கும். பேரோட விலாசம் இரிக்கும். புள்ளைய யோசி.” அவள் பிள்ளையை யோசித்தாள்.

ஐந்தாம் நாள். ஜனின் மறுபடி வந்தாள். பிரஷாந்தி அறைக்குள் இருந்தாள். “கிளினிக்குக்குப் போயிட்டா,” என்றான் உதயரூபன். அவளுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஜனின் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “வந்தாச் சொல்லுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதை ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பிரஷாந்தி கண்டாள்.

ஏழாம் நாள். ஆய்வுகூடத்துக்குப் போய், மிச்சமிருந்த ஐதரசன் பேரொட்சைட்டை நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றினாள். நோர்மன் சொன்னது உண்மை என்று நிரூபிக்கக்கூடிய ஆய்வுக் குறிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தைத்து வைத்திருந்த சட்டைகளுக்கு அடியில் வைத்தாள்.

எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றுமில்லை. மழை.

பதினோராம் நாள். “மிஸ், உருளை எங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். “திருத்தக் குடுத்திரிக்கு,” என்றாள் பிரஷாந்தி. யோசிக்காமல், தடுமாறாமல் அந்தப் பதில் வந்தது. ஓர் ஆளைப் பற்றிய உண்மை தனக்குள் எவ்வளவு சுலபமாக மூடிக்கொண்டதென்று அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. அது சாவடியை நினைத்து வந்த பயமல்ல.

9.

பன்னிரண்டாம் நாள் அவள் வெறுந்தாளில், முத்திரையில்லாமல், தன் பெயரில் கடிதம் எழுதினாள். உதயரூபன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். குறிப்பேடு, கடதாசிச் சுருளில் கொஞ்சம் உமி, ஒரு போத்தல் பொடி, எல்லாம் கொண்டுபோனார்கள்.

முகாமில் ஓர் அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அவள் விளக்கினாள். அவர் குறிப்பேட்டைப் பொறுமையாகப் புரட்டினார். பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார்.

“உமியிலிருந்தா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நல்ல வேலை,” என்றார். பிறகு, “அந்த ஆள் இப்போது இங்கே இல்லை,” என்றார்.

எங்கே, எப்போது கொண்டுபோனார்கள் என்று கேட்டாள். தெற்கே என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

[ஒரு கதாசிரியன் இங்கே “நேற்று” என்று எழுதுவான். நானும் ஒருமுறை எழுதினேன். அல்லது “இரண்டாம் நாளே” என்று எழுதி, பிரஷாந்தியைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்திருக்கலாம். கடிதம் நேரத்துக்குப் போயிருந்தால் நோர்மன் வீட்டுக்கு வந்திருப்பாரா என்பது பிரஷாந்திக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல எழுதுவது களவு.]

நோர்மன் முப்பத்தொரு மாதம் உள்ளே இருந்தார். வழக்கு எதுவும் பதியப்படவில்லை.

10.

அவர் உள்ளே இருந்த காலத்தில் பிரஷாந்திக்கு ஒரு மகள் பிறந்தாள். கிழக்கில் சண்டை ஓய்ந்து வடக்குக்கு நகர்ந்தது. ஊரைவிட்டுப் போயிருந்த அழகரத்தினம் திரும்பி வந்து, கூரைத் தகரம் இல்லாத ஆலையை மறுபடி ஓடவைத்தார். வாய்க்கால் மறுபடி நாறியது.

2008இல் இன்னொரு உருளை வெளிநாட்டிலிருந்து வந்தது, ஐதரசன் பேரொட்சைட்டும் அனுமதியோடு மறுபடி கிடைத்தது. பிரஷாந்தி தன்னுடைய பழைய பொடியின் மிச்சத்தை வைத்து, முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனையைச் செய்தாள். இரசாயனத் தாக்கம் பாதியில் இருக்கும்போது, சூட்டோடு சூடாகப் பொடி முழுவதையும் வடித்து அகற்றிவிட வேண்டும். வேலை செய்வது கல்லென்றால் தாக்கம் அதோடு நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. பொடியே இல்லாத தண்ணீரில் பினோல் குறைந்துகொண்டே போனது.

இரும்பு அறைகளுக்குள் இருக்கவில்லை. மெல்ல மெல்லக் கசிந்து தண்ணீரில் கலந்து, வெளியே நின்று வேலை செய்திருக்கிறது. அவளுடைய புகழ்பெற்ற தொண்ணூறு வீதத்தில் பெரும்பகுதி கல்லுக்குச் சேரவேண்டியதல்ல. ஒருவருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். அவள் சஞ்சிகைக்கு எழுதி, தன் முடிவு பிழை என்று பிரசுரிக்கச் செய்தாள். “அந்தக் கடிதத்தை எழுத ஒரு நாள்தான் எடுத்தது,” என்று என்னிடம் சொன்னார். அவர் குரலில் பெருமை இருக்கவில்லை. ஒரு கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

[நோர்மனை ஓர் ஊக்கிக்கு ஒப்பிட்டு ஒரு பந்தி இந்த இடத்தில் இருந்தது. மற்றவர்களை மாற்றிவிட்டுத் தான் மாறாமல் வெளியே வருகிறவர் என்று. அழகான பந்தி. அவர் மாறாமல் வெளியே வரவில்லை. வெட்டிவிட்டேன்.]

11.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. புரட்டாதியில் நோர்மனை விட்டார்கள். ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானத்துக்குச் சற்று முன், பிரஷாந்தி ஆய்வுகூடத்தில் நிமிர்ந்து பார்த்தபோது அவர் வாசலில் நின்றார். பாதியாகியிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அவள் அதைப் பார்த்ததை அவர் கண்டார், கையை மறைக்கவில்லை.

கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, முதலில் கேட்டது இது:

“உருளை கசிஞ்சதா மிஸ்?”

“இல்ல அங்கிள். ஒரு நாளும் கசியல்ல.”

தலையாட்டினார். “தண்ணி? அது சரிவந்ததா?”

ஓம் என்று சொன்னால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

“தண்ணி தெளிஞ்சது. ஆனா நாங்க நினைச்ச காரணத்தால இல்ல,” என்றாள். அறையை, வாசலை, கசிந்த இரும்பை எல்லாம் சொன்னாள். பட்டறைக்காரர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“அப்ப உங்கட கல்லு சும்மா இருந்திரிக்கு. துருதான் வேலை செஞ்சிரிக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில், இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

“அங்கிள், நான் பன்னெண்டாம் நாள்தான் கடிதம் கொண்டுபோனன்.”

அவர் விளங்காதவர்போலப் பார்த்தார்.

“ஜனின் ரெண்டாம் நாளே வந்து கேட்டவ. நான் குடுக்கல்ல. அஞ்சாம் நாளும் வந்தவ. வீட்டுக்குள்ள இருந்துகொண்டு இல்லையெண்டு சொல்லவச்சன். எனக்குப் பயம்.”

அவர் தண்ணீர்க் கிளாசை மேசையில் வைத்தார்.

“ஜனின் அப்பிடிச் சொல்லல்லையே,” என்றார். “முதல்தரம் என்னப் பாக்க வந்த அண்டைக்கே கேட்டன், மிஸ் வந்தாவா எண்டு. ‘அடுத்த நாளே வந்தவ டடி, கடிதமும் குடுத்தவ, அவங்கதான் எடுக்கல்ல’ எண்டவள். ஒவ்வொரு தரமும் நான் கேப்பன். ஒவ்வொரு தரமும் அதையேதான் சொல்லுவாள்.”

பிரஷாந்தியால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் சுமந்த பாரத்தை இறக்கி வைத்ததாக நினைத்தாள். இறக்கி வைத்த இடத்தில், வெளியே தனக்காக ஒருவர் முயன்றார் என்று உள்ளே அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைத் தட்டிவிட்டிருந்தாள்.

நோர்மன் எழுந்தார்.

“ஒண்டு கேப்பன் மிஸ். நீங்க எனக்குச் சொன்னது அவளுக்குத் தெரிய வேணாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, பஸ் மாறி மாறி, அவ்வளவு தூரம் அந்தப் பொய்யக் காவிக்கொண்டு வந்தவள். எனக்குத் தெரியுமெண்டு அறிஞ்சாத் தாங்கமாட்டாள்.”

“ஓம் அங்கிள்.”

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். “இனி உருளை வேணுமெண்டா என்னால கடைய ஏலா. என்ர தம்பி மார்க் இரிக்கான். அவனிட்டக் குடுங்க. புரி மட்டும் நான் நிண்டு பாக்கிறன்.”

12.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் நோர்மன் அவளை மன்னிக்கிறார். கண்ணீர் இருந்தது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கிழித்தேன்.

இரண்டாவதில் அவர் திரும்பிப் பார்க்காமல் போகிறார். இலக்கியமாக இருந்தது. ஆனால் அவர் திரும்பிப் பார்த்தார். மார்க்கின் பெயரைச் சொன்னார். அது மன்னிப்பா, வெறும் தொழில் பேச்சா என்று பிரஷாந்திக்கு இன்றுவரை விளங்கவில்லை. மார்க் கடைந்த உருளையில், நோர்மன் பக்கத்தில் நின்று புரி பார்த்துக் கொடுத்த உருளையில், இரும்பு அதிகம் கசியாத ஒரு கல்லை 2010இல் பிரஷாந்தி செய்தார். மெதுவாக வேலை செய்கிறது. அழகரத்தினத்தின் வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி இருக்கிறது. வாய்க்காலின் பத்தில் ஒரு பங்கைத்தான் அது தாங்கும்.

மூன்றாவது முடிவு இது: 2011 மார்கழியில் நோர்மன் மாரடைப்பால் இறந்துபோனார். ஜனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிரஷாந்தியைக் கண்டு, கையைப் பிடித்து, காதுக்குள் சொன்னாள்: “டடிக்குக் கடைசிவரைக்கும் தெரியாது மிஸ். நான் சொல்லல்ல.” பிரஷாந்தி, வாக்குக் கொடுத்தபடி, பேசாமல் நின்றார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று நான் பிரஷாந்தியிடம் கேட்டேன். “எழுதுங்க. அவர் என்னட்டத்தான் சொல்ல வேணாமெண்டவர். நான் சொல்லமாட்டன்.”

அது வாக்கைக் காப்பதா, உடைப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், ஜனின் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு ஒரு காலை போனேன். மருந்துத் துண்டில் இருந்த என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்கட பேர் பாடப் புத்தகத்தில இரிக்கும், என்ன சேர்?”

“ஓம்.”

“இப்ப என்ன எழுதுறீங்க?”

“ஒரு கட்டுரை,” என்றேன். பதில் தடுமாறாமல் வந்தது.

தான் சொன்ன பொய் தகப்பனுக்குத் தெரிந்திருந்தது என்பதும், தெரிந்துகொண்டே இரண்டு வருடம் அவர் அதை அவளுக்காகக் காப்பாற்றினார் என்பதும் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, இடியாக விழுமா? ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் தன்னைப் பற்றியதென்று அறிய அவளுக்கு ஒரு பக்கம் போதும், அவள் வாசிக்கிறவள்.

மட்டக்களப்பில் ஒரு புத்தகம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. வாசித்தவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். என் கையிலிருந்து இது போய்விட்டது. இப்போது உங்கள் கையில் இருக்கிறது.